கட்டைப்பையில் அச்சான முகவரி: சிறு கடைக்கு இணையதளம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மதுரை அண்ணா நகரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இந்தத் தொழிலுக்கு வந்து இரண்டு வருடமான ஒரு தம்பி டொமைனைப் பற்றி, அதாவது கடைகளின் இணையதள முகவரியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான்: “கஸ்டமர் டொமைன் எல்லாத்தையும் என் ஒரே அக்கவுண்ட்லதாண்ணே வச்சிருக்கேன். பதினேழு கடை. ஒரே பாஸ்வேர்டு, தொல்லையே இல்ல.”

எனக்கு டீ இறங்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் நான் பேசிய அதே பேச்சு, ஏறக்குறைய அதே வார்த்தைகளில்.

எழுத்துப்பிழை, கண்ணைக் குத்தும் நிறம், போனில் திறந்தால் சிதறிப்போகும் பக்கம் இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும், திருத்திக்கொள்வீர்கள். முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் மூன்று வருடம் கழித்து வந்து நிற்பவைதான் என் கவலை.

முகவரி யார் பெயரில் இருக்கிறது?

2016 நவம்பரில் தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்கு இணையதளம் செய்துகொடுத்தேன். சீர்வரிசைப் பாத்திரம்தான் அவர்களுக்கு முக்கிய வியாபாரம். குத்துவிளக்கு, அண்டா, குடம், எவர்சில்வர் செட்டு. அண்ணாச்சிக்கு கம்ப்யூட்டர் பழக்கம் இல்லை. மின்னஞ்சல் முகவரி கேட்டால் “அதெல்லாம் நீங்களே பாத்துக்கோங்க தம்பி” என்றார். நானும் பார்த்துக்கொண்டேன். என் கணக்கில், என் மின்னஞ்சலில், என் டெபிட் கார்டில் டாட் காம் முகவரியைப் பதிந்து, வருடா வருடம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்துவிட்டேன். அதைப் பெரிய உதவி என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி அந்த முகவரியைக் கட்டைப்பையில் அச்சடித்தார். கட்டைப்பையைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடையை விட்டுப் போன பை கல்யாண மண்டபத்துக்குப் போகும், அங்கிருந்து சம்பந்தி வீட்டுக்குப் போகும், அப்புறம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து உசிலம்பட்டிக்குப் போகும். காது அறுந்தால் தைத்து இன்னும் இரண்டு வருடம் ஓடும். அதைவிட நீண்ட ஆயுள் உள்ள விளம்பரம் எனக்குத் தெரிந்து இல்லை.

2021 அக்டோபர் 1 முதல் கார்டில் தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. முன்னாலேயே தகவல் சொல்ல வேண்டும், வாடிக்கையாளர் முறைப்படி ஒப்புதல் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் போகாது. நல்ல விதிதான், நான்தான் கவனிக்கவில்லை. நவம்பரில் புதுப்பிக்கும் பணம் போகவில்லை. எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் நான் திறந்து பார்த்தே வருடக்கணக்கான பழைய மின்னஞ்சலுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கின்றன. அண்ணாச்சிக்கு ஒன்றுகூடப் போகவில்லை. எப்படிப் போகும்? பதிவில் அவர் பெயரே இல்லையே.

டாட் காம் முகவரி கெடு முடிந்த அன்றே கைவிட்டுப் போவதில்லை. முகவரியைப் பதிந்துகொடுக்கும் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை பழைய விலைக்கே புதுப்பிக்க இடம் கொடுப்பார்கள். அதுவும் தாண்டினால் மீட்புக் காலம் 30 நாள். அப்போது மீட்கலாம், ஆனால் கட்டணம் பல மடங்கு. அப்புறம் 5 நாள் யாரும் தொட முடியாது. ஆறாம் நாள் அது சந்தைக்கு வந்துவிடும். நல்ல பெயர்களையும், ஏற்கெனவே ஆள் வந்து போய்க்கொண்டிருக்கும் பெயர்களையும் கொத்திக்கொள்வதற்கென்றே நிரல் எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆக, எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்திருக்கிறது. நான் உடனே ஓடியிருந்தால் ஏறக்குறைய ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும்.

கொரோனா காலம் வேறு. பெரிய கல்யாணங்கள் இல்லை, சீர்வரிசை வியாபாரம் படுத்துக் கிடந்தது, தளத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மாசி மாத முகூர்த்தங்கள் தொடங்கியபோது அண்ணாச்சி கூப்பிட்டார். கோபம் இல்லாத குரல், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. “தம்பி, பையில இருக்கிறத அடிச்சா சீட்டாட்டம் வருதாமே. பொண்ணு வீட்டுக்காரங்க கேக்குறாங்க, என்ன ஏதுன்னு கொஞ்சம் பாருங்களேன்.”

பார்த்தேன். ரம்மி.

புதிய உரிமையாளர் கேட்ட தொகை டாலரில் இருந்தது. அதைக் கொடுப்பதாக இருந்தால் அண்ணாச்சி தளத்தை மூடிவிட்டு இன்னொரு கோடவுன் பிடித்திருப்பார். முறையிட வழி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். ஒரே நடுவர் விசாரிக்கும் வழக்குக்கே கட்டணம் 1,500 டாலர். அந்தப் பெயரில் நமக்கு வணிகச் சின்ன உரிமை உண்டு என்றும், எதிராளி கெட்ட எண்ணத்தோடுதான் எடுத்தார் என்றும் நாம் நிரூபிக்க வேண்டும். கடையின் பெயரோ முருகன் பெயர். திருப்பரங்குன்றத்துக்கும் பழமுதிர்சோலைக்கும் நடுவில் முருகன் பெயர் வைத்த கடைகளை எண்ணி முடிக்க முடியுமா? விட்டுவிட்டோம்.

வேறு முகவரி பதிந்து, போன் எண்ணும் புது முகவரியும் போட்ட ஸ்டிக்கர் அடித்து, மிச்சமிருந்த பைகளை கோடவுனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினோம். நானும் கடைப்பையன்கள் இரண்டு பேரும். மூன்று ராத்திரி. ஏற்கெனவே ஊருக்குள் போய்விட்ட பைகளை என்ன செய்வது? இப்போதும் பஸ்ஸில் அந்தப் பையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

வீடு கட்டிய கொத்தனார் பெயரில் பத்திரம் பதிய யாராவது சம்மதிப்பார்களா? இங்கே மட்டும் சம்மதிக்கிறார்கள், ஏனென்றால் பத்திரம் என்று ஒன்று இருப்பதே கடைக்காரருக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய நாம் வசதிக்காகச் சொல்வதில்லை. சிலர் வேண்டுமென்றே சொல்வதில்லை. கடைக்காரர் வேறு ஆளிடம் போகாமல் இருக்க அதுவே மூக்கணாங்கயிறு. கேட்கும்போதெல்லாம் “மாத்தித் தர்றேன்” என்று இழுத்தடிப்பார்கள். அவர்களிடம் பேசி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. தெரியாமல் செய்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

முதல் நாளே கடைக்காரர் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். அவர் மச்சான் மகனுடையது வேண்டாம். அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவான். ஓடிபி வருவது கடைக்காரர் கையில் இருக்கும் போனுக்காக இருக்கட்டும். பதிவு நிறுவனக் கணக்கு அந்த மின்னஞ்சலில். பணமும் அவர் கார்டிலோ யூபிஐயிலோ. உங்களுக்கு வேலை பார்க்கும் அனுமதி மட்டும் போதும், பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குத் தனி வசதி தருகின்றன. முகவரியை வாங்குவதாகச் சொல்கிறோம், உண்மையில் அது குத்தகை. டாட் காமை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடம் வரை எடுக்கலாம். பையில் அச்சடிக்கப் போகிறார் என்றால் ஐந்து வருடமாவது எடுக்கச் சொல்லுங்கள். முடியும் தேதியை ஒரு தாளில் எழுதி, ஜிஎஸ்டி சான்றிதழ் இருக்கும் அதே ஃபைலில் வையுங்கள். கடையில் வேறு எது தொலைந்தாலும் அந்த ஃபைல் தொலையாது.

ஏற்கெனவே உங்கள் கணக்கில் வைத்திருக்கிறீர்களா? முகவரி கைமாறாமல் இருக்கக் கணக்கில் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை வாங்கி, கடைக்காரர் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள். இரண்டு கணக்கும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் இன்னும் எளிது. ஹோஸ்டிங்கும் (தளத்தின் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) கூகுள் மேப்பில் வரும் கடைப் பதிவும் அப்படியே: முதன்மை உரிமையாளர் கடைக்காரர், நீங்கள் மேலாளர்.

“கூகுளே இலவசமா தளம் தருதே, எதுக்கு இந்தத் தொல்லை” என்று அந்தக் காலத்தில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கடைப் பதிவோடு சேர்த்து கொடுத்துவந்த அந்தத் தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. அந்த முகவரியைப் பையில் போட்டவர்களும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

நோட்டீஸிலிருந்து எடுத்த தமிழ்

கடைக்காரர் பழைய நோட்டீஸின் கோப்பைக் கொடுப்பார். அது அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. உங்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருப்பதால் ஒட்டியதும் அழகாகத் தெரியும். கடைக்காரர் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். காரணம் எளிது: பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் எண்தான், மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். போர்வை இல்லாத இடத்தில் குட்டு வெளிப்படும். கூகுளுக்கும் அது தமிழே இல்லை. “மதுரை குத்துவிளக்கு” என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் சிக்காது.

ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுத் தரம் யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பாமினியை யூனிகோடாக்கும் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும்.

சிலர் இதற்குப் பயந்துகொண்டு நோட்டீஸையே படமாகப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு நோட்டீஸே போதுமே.

எடுத்த படத்தை எடுத்தபடியே ஏற்றுவது

இப்போதைய போனில் ஒரு படம் நாலைந்து எம்பி இருக்கும். பதினைந்து படம் போட்டால் அறுபது, எழுபது எம்பி. மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில், ஒரே ஒரு சிக்னல் கோடு காட்டும் போனில் அதைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

பாத்திரக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஃபிளாஷ் போட்டு எடுக்காதீர்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், நிழலில், வெள்ளை வேட்டியை விரித்து எடுங்கள். நான் முதலில் போட்ட குடம் படத்தில் எடுத்தவரின் கட்டம் போட்ட லுங்கி தெளிவாகத் தெரிந்தது. எட்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை.

கோட்டு போட்டு கைகுலுக்கும் வெள்ளைக்காரர் படம்

மாவு மில்லுக்கு எதற்கு?

விலைப்பட்டியல்

மாறாத விலை என்றால் கட்டாயம் போடுங்கள். மாறும் விலை என்றால், தினமும் மாற்றப்போவது யார் என்று பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்யும் ஒருவர் ஆசைப்பட்டார் என்று மல்லிகை விலையைத் தளத்தில் வைத்தேன். இரண்டு வாரம் மாற்றினார், அப்புறம் மறந்துவிட்டார். மல்லிகை விலையைப் பற்றி உங்களுக்கே தெரியும். பனி விழுந்தால் பூ வரத்து குறையும், முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கிலோ ஆயிரங்களில் போகும். தை மாதத்தில் மேடை அலங்காரக்காரர் ஒருவர் தளத்தில் இருந்த ஆவணி விலையைக் காட்டி, அதே விலைக்குத்தான் வேண்டும் என்று நின்றார். வியாபாரி என்னைத்தான் திட்டினார். தேதி போடாமல் விலை வைத்தது என் தவறுதான். இப்போது அந்த இடத்தில் “இன்றைய விலைக்கு அழைக்கவும்” என்ற பொத்தான் மட்டும் இருக்கிறது.

தொட்டால் போகாத போன் எண்

எண்ணைப் படத்துக்குள் எழுதாதீர்கள். தொட்டால் அழைப்பு போக வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பில் முன்னால் 91 வேண்டும், கூட்டல் குறியும் சைபரும் கூடாது. செய்து முடித்ததும் கடைக்கு வெளியே நின்று நீங்களே ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். படிவம் வைத்து “விவரங்களைப் பூர்த்தி செய்க” என்பதெல்லாம் இங்கே எடுபடாது. அப்படியே யாராவது நிரப்பினாலும் அது போய்ச் சேரும் மின்னஞ்சலைக் கடையில் யாரும் பார்ப்பதில்லை.

வருகையாளர் எண்ணிக்கை காட்டும் பெட்டி

47 என்று காட்டுகிறது. எடுத்துவிடுங்கள்.

திறந்ததும் பாடும் பாட்டு

வேண்டாம்.

திருவிழா நாளில் கடை நேரம்

சித்திரைத் தேரன்று மாசி வீதிகளுக்குள் கார் நுழைய முடியாது. அன்றைக்குக் கடை உண்டா, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், வண்டியை எங்கே விட்டுவிட்டு நடக்க வேண்டும் என்பதுதான் திண்டுக்கல்லிலிருந்து வரும் குடும்பத்துக்கு வேண்டிய செய்தி. நாம் “எங்களைப் பற்றி” பக்கத்தில் வாடிக்கையாளர் திருப்தியே குறிக்கோள் என்று ஐந்து பத்தி எழுதி வைத்திருப்போம், இதை எழுதியிருக்க மாட்டோம். கூகுள் பதிவில் விடுமுறைக்கும் திருவிழாவுக்கும் தனி நேரம் குறிக்க இடம் இருக்கிறது. கடைக்காரரே தன் போனில் இரண்டு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம், கணக்கு அவர் கையில் இருந்தால்.