மாலத்தீவு விமான நிலையத்தில் பலரும் கோட்டைவிடும் இடங்கள்

சக்கரம் தரையைத் தொடும் கடைசி நொடிவரை ஜன்னலில் கடல்தான் தெரியும். ஓடுபாதைக்கு இரு பக்கமும் தண்ணீர். ஹுல்ஹுலே என்ற அந்தத் தீவே விமான நிலையத்துக்காகத்தான் இருக்கிறது. ‘வேலனா சர்வதேச விமான நிலையம்’ என்பது அதிகாரப்பூர்வப் பெயர், டிக்கெட்டில் ‘மாலே’ என்று தலைநகரின் பெயர் இருக்கும். இறங்கியதும் செல்போனை எடுத்து ‘வந்து சேர்ந்தாச்சு’ என்று வீட்டுக்கு மெசேஜ் தட்டுவோம். முதல் தவறு அதுதான். நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை. தங்கப்போகும் இடம் வேறொரு தீவில் இருக்கிறது. நடுவில் கடல். அதைப் படகில் கடக்கவேண்டும், அல்லது சின்ன விமானத்தில். அந்தக் கடைசித் துண்டுப் பயணத்தை மனதில் வைக்காமல் டிக்கெட் போடுவதில்தான் பெரும்பாலான சிக்கல்களும் முளைக்கின்றன.

சூரியனைக் கேட்காமல் டிக்கெட் போடுவது

தூரத்து ரிசார்ட்டுகளுக்கு சீப்ளேனில்தான் போவார்கள். தண்ணீரில் ஓடி மேலெழும்பி, தண்ணீரிலேயே இறங்கும் சின்ன விமானம். விமானி கண்ணால் பார்த்து ஓட்டுவது என்பதால் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலத்தீவு பூமத்தியரேகையை ஒட்டி இருப்பதால் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடும். கோடைக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும் என்ற கதையெல்லாம் அங்கே இல்லை. கடைசி சீப்ளேன் இருட்டுவதற்குள் போய் இறங்கியாக வேண்டும். அப்படியானால் மாலேயிலிருந்து அது கிளம்பும் நேரம் இன்னும் முன்னால். அதற்கு முன்னால் இமிகிரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ், சீப்ளேன் முனையத்துக்கு வண்டி. பின்னோக்கிக் கணக்குப் போட்டால், பிற்பகல் மூன்றரை மணிக்குமேல் தரையிறங்கும் டிக்கெட் எதுவும் சூதாட்டம்தான்.

எனக்கு இது சொந்தக் காசு கொடுத்துக் கற்ற பாடம். இரண்டரைக்கு இறங்கவேண்டிய விமானம் நாலரைக்கு இறங்கியது. பெட்டி வர இன்னும் அரை மணி. வெளியே பெயர்ப்பலகையோடு நின்ற ரிசார்ட் ஊழியர் என்னைப் பார்த்ததுமே வானத்தைப் பார்த்தார். அதிலேயே பதில் புரிந்துவிட்டது. அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் ஓர் அறை. ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணம் திரும்பவில்லை. முன்பதிவுத் தாளின் அடியில் பொடி எழுத்தில் அதைத் தெளிவாகவே எழுதியிருந்தார்கள், படிக்காதது என் தவறு.

திரும்பும் நாளிலும் இதே கணக்குதான். பொழுது விடிந்தபிறகே சீப்ளேன்கள் ஓடத் தொடங்கும். காலை எட்டு மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு ‘முதல் சீப்ளேனில் வந்துவிடுவேன்’ என்று நம்பினால், விமானம் உங்கள் தலைக்குமேலே போவதைத்தான் பார்ப்பீர்கள். அப்படியொரு விமானம்தான் கிடைத்தது என்றால் முந்தைய இரவே மாலேக்கோ ஹுல்ஹுமாலேக்கோ வந்துவிடுவது நல்லது.

இரவில் வந்து இறங்குகிறவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பக்கத்து அட்டோல்களில் (பவளத் தீவுக்கூட்டங்களில்) இருக்கும் ரிசார்ட்டுகளுக்கு ஸ்பீட்போட் இரவிலும் போகும். சில தூரத்து இடங்களுக்கு உள்நாட்டு விமானத்தில் போய், அங்கிருந்து படகு பிடிக்கலாம். ஆனால் இதை அறை பதிவு செய்யும்போதே கேட்கவேண்டும். ‘நான் இத்தனை மணிக்கு இறங்குகிறேன், அன்றே வந்து சேர முடியுமா?’ என்ற ஒரே கேள்வியை எழுத்தில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சீப்ளேன் டிக்கெட்டில் பெரும்பாலும் கிளம்பும் நேரம் இருக்காது. மறுநாள் யார் யார் எந்தெந்தத் தீவுக்கு என்று பார்த்து, முந்தைய நாள் சாயங்காலம்தான் நேரத்தை முடிவு செய்கிறார்கள். வழியில் வேறு ரிசார்ட்டுகளில் இறக்கி ஏற்றிக்கொண்டும் போகும். டவுன் பஸ் மாதிரி. முனையத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் யாரோ உங்களை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

எடைமேடை முன்னால் பெட்டியைத் திறப்பது

சீப்ளேன் கவுண்டரில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. பெட்டி எடைமேடையில் ஏறுகிறது, முள் 29-ல் நிற்கிறது. கணவர் மனைவியைப் பார்க்கிறார், மனைவி ஹேர் டிரையரைப் பார்க்கிறார். தரையில் பெட்டி விரிகிறது. குழந்தையின் நீச்சல் வளையம், இரண்டு ஜோடி ஷூ, தேவையே இல்லாத ஒரு ஜீன்ஸ், எல்லாம் கைப்பைக்கு மாறுகின்றன. அடுத்து கைப்பையையும் மேடையில் வைக்கச் சொல்கிறார்கள்.

சர்வதேச விமானம் முப்பது கிலோ அனுமதித்திருக்கலாம். சீப்ளேனில் பொதுவாக ஆளுக்குப் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. அதற்கு மேலே போனால் கிலோவுக்கு இவ்வளவு என்று டாலரில் கட்டணம். ஓடுவது பெரும்பாலும் ட்வின் ஆட்டர் ரகம். பதினைந்து பேர் உட்காரும் சின்ன விமானம் என்பதால் எடையில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கூட்டம் அதிகமானால் உங்கள் பெட்டி அடுத்த விமானத்தில் வருவதும் உண்டு. ஆகவே நீச்சலுடை, மருந்து, சார்ஜர் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். (விமானிகள் வெறுங்காலோடு ஓட்டுவதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். தண்ணீரில் நிற்கும் விமானத்துக்கு அதுதான் வசதி.)

படிவத்துக்குக் காசு கட்டுவது

மாலத்தீவில் இறங்கியதும் ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் விசா இலவசம். முன்கூட்டியே விண்ணப்பிக்க எதுவும் இல்லை. கேட்பது நான்குதான்: செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம். தங்குமிடப் பதிவின் பிரதியைச் செல்போனில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது விமான நிலைய வைஃபையை நம்பி மெயிலைத் தேடுவது அவஸ்தை.

இதைத் தவிர ‘இமுகா’ என்ற பயணி அறிவிப்புப் படிவம் ஒன்று உண்டு. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். அதுவும் இலவசம்தான். ஆனால் கூகுளில் தேடினால் அதே படிவத்தை அழகாக அலங்கரித்து, ‘சேவைக் கட்டணம்’ கேட்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும். முகவரியின் முடிவில் ‘ஜிஓவி டாட் எம்வி’ என்று இருந்தால் மட்டும் அரசின் தளம். கார்டு எண் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். அதேபோல, வரும்போது நிரப்பியது திரும்புவதற்கும் செல்லும் என்று நினைத்துவிடக்கூடாது. திரும்பும்போது இன்னொரு முறை நிரப்பவேண்டும்.

பையில் இருக்கும் பிள்ளையார்

கஸ்டம்ஸில் எல்லாப் பெட்டியும் ஸ்கேனரில் போகும். மது கொண்டுபோகக்கூடாது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், வழியில் மாறிய விமான நிலையத்தில் டியூட்டி ஃப்ரீ பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ‘கடையில் சீல் போட்டுத்தானே கொடுத்தார்கள்?’ என்ற வாதம் எடுபடாது. பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், ஊர் திரும்பும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ரிசார்ட்டில் மது கிடைக்கும், உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் கிடைக்காது. பன்றி இறைச்சிப் பொருட்களுக்கும் தடை உண்டு.

நம்மில் பலர் யோசிக்காதது சாமி சிலை. வழிபாட்டுக்கான சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவர மாலத்தீவுச் சட்டம் அனுமதிப்பதில்லை. பையின் மூலையில் எப்போதும் கிடக்கும் விரலளவுப் பிள்ளையார், ‘புதுசா கல்யாணமானவங்க, கூடவே இருக்கட்டும்’ என்று பாட்டி சொருகிவிட்ட அம்மன், கடைத்தெருவில் நினைவுப்பொருளாக வாங்கிய புத்தர், எல்லாமே ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். அதிகாரியிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட, கிளம்பும் முன் வீட்டுப் பூஜையறையில் வைத்துவிட்டு வருவது சிலைக்கும் மரியாதை.

இ-சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வரி: 2024 நவம்பர் 15 முதல் அதைக் கொண்டுவரத் தடை, சுற்றுலாப் பயணிக்கும் விலக்கு இல்லை. தூக்க மாத்திரை, கடுமையான வலிநிவாரணி போன்றவை இருந்தால் டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும்.

வெளியே வந்ததும் நடையைக் கட்டுவது

கஸ்டம்ஸைத் தாண்டியதும் ரிசார்ட்டுகளின் கவுண்டர்களும் பெயர்ப்பலகை ஏந்தியவர்களும் இருப்பார்கள். பதிவு செய்தவர்கள் செய்யவேண்டியது அந்த கவுண்டர் எண்ணை முன்பே கேட்டு வைத்துக்கொண்டு நேராக அங்கே போவதுதான். உங்கள் பெயரைப் பட்டியலில் டிக் அடித்தபிறகு சிம் கார்டு வாங்கப் போங்கள். வரிசையை மாற்றி, முதலில் சிம், பிறகு காபி, பிறகு போட்டோ என்று போனால், ‘இவர் வரவில்லை’ என்று முடிவுகட்டி ஸ்பீட்போட் கிளம்பியிருக்கும். திராகு, ஊரீடூ இரண்டு நிறுவனங்களின் கவுண்டரும் அங்கேயே உண்டு. ரிசார்ட்டுக்குள் வைஃபை இருக்கும் என்றால் சிம்மே தேவையா என்று யோசிக்கலாம்.

பணம் மாற்றுவதில் அவசரம் வேண்டாம். ரிசார்ட்டில் கணக்கெல்லாம் டாலரில்தான், கார்டும் செல்லும். மாலத்தீவு ரூஃபியா தேவைப்படுவது உள்ளூர்த் தீவுகளில் தங்குகிறவர்களுக்கு. டீக்கடை, பஸ், சாதாரண ஃபெர்ரி. அந்த அளவுக்கு மட்டும் மாற்றுங்கள். மாலத்தீவைத் தாண்டினால் ரூஃபியாவை மாற்றுவது குதிரைக்கொம்பு.

உள்ளூர்த் தீவுகளின் கெஸ்ட் ஹவுஸில் தங்குகிறவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது: வெள்ளிக்கிழமை. அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் கடைகளும் படகுகளும் நின்றுவிடும். தீவுகளுக்கு இடையே ஓடும் மெதுவான அரசு ஃபெர்ரி பல தடங்களில் அன்று ஓடவே ஓடாது. மலிவான டிக்கெட் கிடைத்ததே என்று வெள்ளி காலை வந்து இறங்குகிறவர்கள், மிச்சம் பிடித்த காசைத் தனிப்படகுக்குக் கொடுக்கிறார்கள். ஹுல்ஹுமாலேக்கும் மாலேக்கும் இந்தத் தொல்லை இல்லை. 2018-ல் திறந்த சினமாலே பாலம் வந்தபிறகு பஸ், டாக்சி எதிலும் போய்விடலாம். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு மாலேக்குப் படகு மட்டும்தான் என்று நினைக்கவேண்டியதில்லை.

இரண்டு கடிகாரங்கள்

இதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாலேயின் நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு அரை மணி பின்னால். ஆனால் பல ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்கின்றன. விருந்தினருக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. ‘தீவு நேரம்’ என்பார்கள்.

குழப்பம் திரும்பும் நாளில் வரும். விமான டிக்கெட்டில் மாலே நேரம். அறைக்கு வந்த சீட்டில் ‘படகு 10.00’ என்றால் அது தீவு நேரம். உங்கள் செல்போனோ டவரைப் பிடித்து மாலே நேரம் காட்டுகிறது. போனை நம்பி ஒன்பதே முக்காலுக்குத் துறைக்கு வந்தால், அங்கே மணி பத்தே முக்கால், படகு புள்ளியாகத் தெரியும். சீட்டு கைக்கு வந்ததும் ‘இது எந்த நேரம்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள், தினமும் யாராவது கேட்கிறார்கள்.

திரும்பும்போது பெட்டிக்குள் கடற்கரை

மணல், சிப்பி, பவளத்துண்டு எதையும் எடுத்துவரக்கூடாது. கரையில் ஒதுங்கிக் கிடந்தது, செத்துப்போனது என்றெல்லாம் சொன்னாலும் பவளம் பவளம்தான். ஸ்கேனரில் தெரிந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பெரியவர்கள் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். குழந்தைகளின் கால்சட்டைப் பைகளைத்தான் முந்தைய இரவே கொட்டிப் பார்க்கவேண்டும்.

விமான நிலையத்தில் வரி கட்டக் காசு எடுத்து வைக்கவேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். வெளிநாட்டவர் எகானமி வகுப்பில் கிளம்ப 2024 டிசம்பர் முதல் இரண்டு கட்டணங்களாக மொத்தம் 100 டாலர். அது டிக்கெட்டிலேயே அடங்கிவிடுகிறது. மாலே டிக்கெட் ஏன் கையைக் கடிக்கிறது என்பதற்கும் அதில் பாதி விடை இருக்கிறது.

வரும்போது கஸ்டம்ஸில் பாட்டிலை ஒப்படைத்தவர்கள், பெட்டியை செக்-இன்னில் போடுவதற்கு முன்பே ரசீதைக் காட்டி எங்கே வாங்குவது என்று விசாரித்துவிடுங்கள். கையில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறி, வழியில் இன்னொரு விமானம் மாறவேண்டியிருந்தால், அங்கே பாதுகாப்புச் சோதனையில் நூறு மில்லிக்கு மேலான திரவம் என்று இரண்டாவது முறையாகப் பிடுங்குவார்கள். அங்கே ரசீது தரமாட்டார்கள்.