கடற்பாசி ஜெல்லில் மென்தோல்: தோலுக்கான ஒட்டு செய்யும் முறை

நோன்பு காலத்தில் காத்தான்குடிக் கடைகளில் அதிகம் விற்பனையாகும் அகர் அகர், அதாவது நம் வீடுகளில் கடற்பாசி என்று காய்ச்சப்படும் அதே பொருள், புதினாவில் உள்ள குளிர்ச்சி தரும் மென்தோல் போன்ற மருந்தொன்றைத் தோலின் மேல் தாங்கி நின்று சிறிது சிறிதாக விடுவிக்கும் ஜெல்லாகவும் பயன்படும். சிவப்புப் பாசிகளிலிருந்து பெறப்படும் இதனைத் தெரிவு செய்வதற்கு மட்டக்களப்பின் வெயிலே போதிய காரணம். ஜெலற்றின் உடல் வெப்பநிலைக்கு முன்பே இளகிவிடும். அகரோ 35 முதல் 40 பாகை செல்சியசில் உறைந்துவிட்டால், மீண்டும் உருக ஏறத்தாழ 85 பாகை வேண்டும். 1881இல், நுண்ணுயிரியல் அறிஞர் ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய தன் கணவருக்கு, கிருமிகளை வளர்ப்பதற்கு, கோடையில் உருகிய ஜெலற்றினுக்குப் பதிலாக அகரைப் பரிந்துரைத்தவர் ஃபனி ஹெசே.

தேவையானவை: அகர் தூள் 3 கிராம், கொதித்தாறிய நீர் 170 மில்லிலீற்றர், கிளிசரின் 20 மில்லிலீற்றர், புரொப்பிலீன் கிளைக்கோல் 10 மில்லிலீற்றர், மென்தோல் 0.25 கிராம். இவற்றோடு வெப்பமானியும், நகை நிறுக்கும் சிறு தராசும், தட்டையான இரண்டு தட்டுகளும் வேண்டும். மென்தோலைக் கண்ணளவில் போடக்கூடாது. நிறுத்தே சேர்க்க வேண்டும்.

முதலில் அகர் தூளை நீரில் தூவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பின்னர் கிளிசரினைச் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிளறியபடி கொதிக்கவிட்டு, துகள் எதுவும் தெரியாமல் தெளியும்வரை இரண்டு மூன்று நிமிடங்கள் காய்ச்சுங்கள். அது ஆறும்போது, புரொப்பிலீன் கிளைக்கோலில் பாதியை எடுத்து மென்தோலை அதில் கரைத்துக்கொள்ளுங்கள்.

கவனம் அதிகம் தேவைப்படுவது இனித்தான். கலவை 50 பாகைக்கு இறங்கியதும், பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதனை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மென்தோல் கரைசலையும், மற்றப் பாதியில் எஞ்சிய வெறும் புரொப்பிலீன் கிளைக்கோலையும் விட்டுக் கலக்குங்கள். இதைவிடச் சூடாக இருந்தால் மென்தோல் ஆவியாகி வீடெங்கும் மணக்குமே தவிர ஜெல்லில் நிற்காது. 40 பாகைக்குக் கீழே போய்விட்டாலோ கலக்குமுன்பே உறைந்து கட்டிபடும். மென்தோல் சேர்ந்த பாதி சற்றே கலங்கலாகத் தெரிவது இயல்பு. அது நீரில் மிகக் குறைவாகவே கரையும். இரண்டையும் 4 மில்லிமீற்றர் தடிப்பில் வெவ்வேறு தட்டுகளில் ஊற்றி, அடையாளமிட்டு மூடிவையுங்கள். அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும். பாதுகாப்பு இரசாயனம் எதுவும் சேர்க்காததால், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுவது நல்லது.

பயன்படுத்துமுன் இரண்டு தட்டுகளையும் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, ஒவ்வொன்றிலும் 3 சென்ரிமீற்றர் சதுரமொன்றை வெட்டி, இரு முன்கைகளின் உட்புறத்திலும் கைக்கு ஒன்றாகப் பதினைந்து நிமிடம் வையுங்கள். எது எந்தக் கையில் என்பது உங்களுக்குத் தெரியாதவாறு வேறொருவர் வைத்துவிட்டால் முடிவு இன்னும் நம்பத்தக்கதாகும். நீர் இருப்பதால் தொடக்கத்தில் இரண்டுமே குளிரும். சில நிமிடங்களில் வெறும் ஜெல்லின் குளிர்ச்சி மங்க, மற்றதில் தொடர்ந்து குளிர் தெரிந்தால், மென்தோல் தோலின் மேலடுக்கைக் கடந்து நரம்பு முனைகளை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். அங்குள்ள டிஆர்பிஎம்8 எனும் குளிர் ஏற்பியை, அதாவது குளிரை உணரும் புரதத்தை, அது தூண்டுகிறது. தோல் உண்மையில் குளிர்வதில்லை. வெப்பம், தொடுகை ஆகியவற்றின் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக 2021இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியசும் ஆர்டம் பட்டபூட்டியனும், இந்த ஏற்பியை அடையாளங்காண மென்தோலையே பயன்படுத்தினர்.

எரிவோ சிவப்போ தோன்றினால் உடனே எடுத்துக் கழுவிவிடுங்கள். காயத்திலும் முகத்திலும் வைக்க வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு மென்தோல் மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கு அறவே கூடாது. மருத்துவர் தந்த பூச்சு மருந்து உள்ள இடத்திலும் ஒட்டாதீர்கள். மென்தோல் தோலின் கொழுப்பு அடுக்கைத் தளர்த்தி, அம்மருந்தையும் அளவுக்கு மீறி உள்ளே விடக்கூடும்.

மென்தோலுக்குப் பதிலாக வல்லாரைச் சாற்றை விடலாமா என்ற எண்ணம் பலருக்கும் எழும். ஜெல் தன்னிடம் உள்ளதை வெளியே விடுமே தவிர, தோலுக்குள் தள்ளாது. மூலக்கூற்று நிறை 500 டால்ரனை (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் அலகு) தாண்டிய பொருட்கள் நலமான தோலைக் கடப்பது அரிது என்று போஸ், மைனார்டி இருவரும் 2000இல் ஒரு வரையறையை முன்வைத்தனர். மென்தோலின் நிறை 156. வல்லாரையின் முக்கிய சேர்மமான ஏசியாற்றிகோசைட்டோ ஏறத்தாழ 959. போதாக்குறைக்கு, பச்சைச் சாறு கிருமிகளையும் கொண்டுவருவதால் ஒட்டு விரைவில் கெட்டுவிடும். வல்லாரையைச் சம்பலாக உண்பதே மேல்.