பழைய சாமான்கிட்ட மறுபடி வேலை வாங்குறது எப்படி

பாட்டிலுக்கு பெயிண்ட் அடிச்சு பூ ஜாடி பண்றது, பழைய சிடில கடிகாரம் பண்றது இதெல்லாம் இங்க சொல்லப்போறதில்லைங்க. அதுக்குன்னு கம், கலர் பேப்பர், பெயிண்ட்னு புதுசா வாங்கி, ஷோகேஸ்ல கொஞ்ச நாள் தூசி புடிச்சு, கடைசில அதுவும் குப்பைக்குத்தான் போகுது. தினமும் கைல எடுக்கற பொருளா மாத்தணும், அதனால நாம கடைல வாங்கற ஏதாவது ஒண்ணு நிக்கணும், அப்பதான் குப்பை நிஜமாவே குறையும். முதல்ல ஒரு வாரம் உங்க வீட்டு குப்பைக் கூடைல என்ன விழுதுன்னு பாருங்க. நம்ம ஊர்ப் பக்கம் காய்கறித் தோல், பால் கவர், டப்பா இதுங்கதான் ஜாஸ்தி இருக்கும், அப்புறம் அலமாரில கெடக்கற பழைய துணி.

துணில ஆரம்பிங்க, கத்தரிக்கோல் இருந்தா போதும். காட்டனான்னு சந்தேகமா இருந்தா ஓரத்துல ரெண்டு நூல் உருவி வாஷ்பேசின் மேல வச்சு தீக்குச்சிய காட்டுங்க, பேப்பர் எரியற வாசனையோட சாம்பலா உதிர்ந்தா காட்டன், உருகி கெட்டியா உருண்டு நின்னா பாலியஸ்டர். பாலியஸ்டர அடுப்புகிட்டயே கொண்டு போகாதீங்க, சூட்டுல உருகி கைல ஒட்டிக்கும். நல்லா நஞ்சுபோன வெள்ளை வேட்டி இருந்தா அதை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க, வடாம் போட, அரிசி உலர்த்த, தயிர் வடிகட்ட, இட்லி துணிக்கு அதைவிட நல்லது கெடையாது. சாப்பாடு படற வேலைக்கு சாயம் போடாத துணிதான் எடுக்கணும், இட்லி தட்ட விட ரெண்டு விரல் பெரிசா வெட்டி, கொதிக்கற தண்ணில கொஞ்ச நேரம் போட்டு வெயில்ல காய வைங்க. காட்டன் புடவை, நைட்டிய நாலா மடிச்சு சுத்தி ஒரு தையல் போட்டா அடுப்புல பாத்திரம் எறக்கற கைப்பிடி துணி ஆச்சு. பனியன் துணி தண்ணிய நல்லா இழுக்கும், கையகலத் துண்டா வெட்டி ஒரு டப்பால போட்டு டேபிள் மேல வச்சுட்டா டிஷ்யூ பேப்பர் வாங்கற செலவே இல்ல.

கெட்டி டி-ஷர்ட் இருந்தா ரெண்டு கையையும் வெட்டிட்டு, கழுத்த கொஞ்சம் அகலமா வெட்டி, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி அடி ஓரத்த மூடி ரெட்டைத் தையல் போடுங்க, ரெண்டு கிலோ காய் தாங்கற பை ரெடி. தமிழ்நாட்டுல கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1ல இருந்தே தடை, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு இயக்கமும் வந்துச்சு, ஆனா வீட்டுல எத்தனை பை இருந்தாலும் கடைக்குப் போறப்ப கைல இருக்காது. அதனால தச்ச கையோட வண்டி டிக்கில ரெண்டு போட்டு வச்சுடுங்க.

அடுத்தது பெயிண்ட் பக்கெட், இதுல காய்கறித் தோல மக்க வச்சு உரம் பண்ணலாம். சுவத்துக்கு அடிக்கற எமல்ஷன் வந்த 20 லிட்டர் பக்கெட்டா பாருங்க, கதவு, கம்பிக்கு அடிக்கற எனாமல் டப்பா வேண்டாம். உள்ள ஒட்டின பெயிண்ட் காஞ்சா தோல் மாதிரி உரிஞ்சு வரும், சுத்தமா எடுத்துட்டு டிரில்லால சுத்திலும் ஒரு சாண் இடைவெளில ஓட்டை போடுங்க, அடியிலயும் நாலஞ்சு ஓட்டை, கீழ ஒரு பழைய தட்டு. அடியில தேங்கா நார் பரப்பி அது மேல ரெண்டு கை மண்ணு. அப்புறம் தினமும் காய்கறித் தோல், வடிகட்டின டீத்தூள் காபித்தூள், வாழப்பழத் தோல்னு ஒரு பங்கு போட்டா மேல ரெண்டு பங்கு காஞ்ச எல. இந்த ஒண்ணுக்கு ரெண்டு கணக்குதான் முக்கியம். நாத்தம் வருதுன்னா ஈரம் அதிகம்னு அர்த்தம், காஞ்ச எலய இன்னும் கொட்டி கிளறி விடுங்க, புளிச்ச மோர தண்ணி கலந்து லேசா தெளிச்சா சீக்கிரம் மக்கும். மீன், கறி, எண்ணெய் பட்ட சாப்பாடு போடவே கூடாது, எலி வரும். எலுமிச்சம்பழத் தோல் கொஞ்சமா போதும். பக்கெட் நெறஞ்சதும் மூடி வச்சுட்டு வாரத்துக்கு ஒரு தடவ கிளறுங்க, ரெண்டு மூணு மாசத்துல கறுப்பா, உதிரியா, மழை பெஞ்ச மண்ணு வாசனையோட இருந்தா உரம் தயார். காஞ்ச எலய சேத்து வைக்க பழைய அரிசி மூட்டைப் பை சரியா இருக்கும், ஆனா அந்தப் பைல மண்ணு போட்டு மொட்டை மாடி வெயில்ல செடி வைக்காதீங்க, நூல் நூலா பிரிஞ்சு பிளாஸ்டிக் தூளா மண்ணுல கலந்துடும்.

பால் கவர் முனைய முழுசா வெட்டி எறியாதீங்க ப்ளீஸ், அந்தக் குட்டித் துண்டு யார் கைக்கும் சிக்காம சாக்கடைக்குத்தான் போகும். கொஞ்சமா கீறி, துண்டு கவரோடவே தொங்கற மாதிரி விட்டுட்டு, கழுவி கிளிப் போட்டு காயவச்சு சேத்தா பழைய பேப்பர் கடைல எடுத்துப்பாங்க. நாத்து விட கவர விட கொட்டாங்குச்சி நல்லது. கண்ணு இருக்கற பாதிய எடுங்க, மூணு கண்ணுல ஒண்ணு மெத்துனு இருக்கும், ஆணியால குத்தினா தண்ணி வடிய வழி ஆச்சு, அதுல தக்காளி, மொளகா வெத போடலாம்.

கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில்ல பருப்பு, மசாலா போடலாம். லேபிள் பசை போகலன்னா தேங்காண்ணெயும் சமையல் சோடாவும் கொழச்சு தடவி அரைமணி நேரம் கழிச்சு தேயுங்க. பழைய டூத் பிரஷ் மிக்ஸி மூடி வாஷர் இடுக்குக்கு. நியூஸ்பேப்பர அலமாரில விரிங்க, ஆனா பஜ்ஜி வடைய அது மேல வைக்காதீங்க, மை சாப்பாட்டுல எறங்கும், உணவுப் பாதுகாப்ப பாத்துக்கற மத்திய அரசு அமைப்பு எஃப்எஸ்எஸ்ஏஐ 2016லயே இதப் பத்தி எச்சரிச்சிருக்கு.

பூச்சி மருந்து, ஆசிட், பினாயில் வந்த பாட்டில்ல எவ்ளோ கழுவினாலும் குடிக்கற தண்ணி, எண்ணெய் எதுவும் ஊத்தாதீங்க, கொழந்தைங்க இருக்கற வீட்டுல அத வேற எதுக்கும் வச்சுக்கவே வேண்டாம். மூடி போட்டு, தனியா கட்டி, என்ன பாட்டில்னு சொல்லி குப்பை எடுக்க வர்றவங்க கைல குடுங்க.