கிழிஞ்சதுக்குக் காரணம் தேங்கா எண்ணெ

எங்க ஊரு பாம்பன், வீட்டுக்காரரு விசைப்படகுல மீன் புடிக்கப் போறவரு, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வீட்லதான். மூத்தவனுக்கு ஒன்றரை வயசு, அடுத்தது இப்ப வேணாம்னு ஆணுறைக்கு ஒத்துக்க வச்சதே பெரும்பாடு, அதுலயும் ரெண்டு தடவ கிழிஞ்சு போச்சு, "இதெல்லாம் சரிப்படாதுடி"ன்னுட்டாரு.

ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸக்காகிட்ட கூச்சப்பட்டுக்கிட்டே கேட்டேன், "தேங்கா எண்ணெ தடவுனீங்களா?"ன்னாங்க. ஆமா! எண்ணெ பட்டா அந்த ரப்பரு வலுவெழந்துருமாம், தண்ணில செஞ்ச ஜெல்லுதான் போடணுமாம். நிரோத்தும் (அரசாங்க ஆணுறை) இலவசமாவே குடுத்தாங்க.

ராத்திரி படுக்கையில பேச்செடுத்தா சண்டைதான் (அனுபவம்!), அதனால சாயங்காலம் அவரு கிழிஞ்ச வலைய சரி பண்ணிக்கிட்டு இருக்கறப்ப பக்கத்துல உக்காந்து, "தப்பு ரப்பரு மேல இல்லங்க, நம்ம எண்ணெ மேல"ன்னேன். சிரிச்சிட்டாரு. படகுல வெயில்ல கெடந்த பழைய ஆணுறை பாக்கெட்ட அவரே தூக்கிப் போட்டாரு.