கேம் ஸ்டூடியோ தொடங்க நினைக்கும் நம் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

மட்டக்களப்பில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கேம் செய்யப் பழக்கும் சிறிய வகுப்பொன்றை நடத்துகிறேன். கல்லடி, ஏறாவூர், காத்தான்குடியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். கல்முனையிலிருந்து பஸ் ஏறி வருபவர்களும் உண்டு. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், பகலில் போன் திருத்தும் கடையில் நிற்பவர்கள். எல்லாருக்கும் ஆசை ஒன்றுதான்: சொந்தமாக ஒரு கேம் ஸ்டூடியோ. அதற்காகப் பெரிய கம்பனிகளின் கதைகளை யூடியூபில் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். பார்த்ததைப் பிழையாக விளங்கிக்கொண்டு, அதை நம்பியே படிப்பையும் வேலையையும் விடப் போகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

எந்த ஸ்டூடியோவின் கதையைக் கேட்டாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: அந்த மாதச் சம்பளம் எங்கிருந்து வந்தது? கீழே நான் சொல்லும் பிழைகளில் அநேகமானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

செய்தவரையும் வெளியிட்டவரையும் ஒன்றாக நினைப்பது

"ஃப்ரீ ஃபயரைச் செய்தது யார்?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "கரீனா, சேர்" என்கிறது. கரீனா சிங்கப்பூரைச் சேர்ந்த வெளியீட்டுக் கம்பனி. 2017இல் வந்த அந்த கேமை உருவாக்கியது வியட்நாமின் 111டொட்ஸ் ஸ்டூடியோ. பப்ஜியும் அப்படித்தான். கணினியில் வந்த மூல கேம் தென் கொரியாவின் ப்ளூஹோல் கம்பனியில் பிறந்தது. நாம் போனில் விளையாடும் பப்ஜி மொபைலைச் செய்தது சீனாவின் டென்சென்டுக்குச் சொந்தமான ஸ்டூடியோ.

இது வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை. ஸ்டூடியோ ஒன்று வெளியீட்டாளரிடம் போனால், கேம் முடியும்வரை செலவுக்கு முன்பணம் கிடைக்கும். விற்பனை தொடங்கியதும் வெளியீட்டாளர் தன் முன்பணத்தை முதலில் கழித்துக்கொள்வார். அதன் பிறகுதான் செய்தவருக்குப் பங்கு. இடையில் கடைக்காரரும் இருக்கிறார்: ஸ்டீம் தளம் வழக்கமாக 30 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. படுவான்கரையில் வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரும் அதில் பாடுபடும் முல்லைக்காரனும் என்ற உறவைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை நான் இரண்டாம் தடவை சொல்ல வேண்டி வருவதில்லை. வயல் யாருடையது, பாடுபட்டது யார், நெல் எந்த வீட்டுக்குப் போனது என்று அவர்களே கேட்டுவிடுவார்கள்.

செய்பவர் என்று தனியாக ஒருவர் இருக்கலாம் என்பதே ஒரு சண்டையில் கிடைத்த உரிமை. 1970களில் கேம் இயந்திரங்கள் செய்து விற்ற அட்டாரி கம்பனியின் கேம்களை எழுதியவர்களின் பெயர் பெட்டியில் அச்சிடப்படவில்லை. விற்பனையில் பங்கும் இல்லை. டேவிட் கிரேன், அலன் மில்லர் உட்பட நான்கு பேர் வெளியேறி 1979இல் அக்டிவிஷனைத் தொடங்கினார்கள். இன்னொருவருடைய இயந்திரத்துக்குத் தனியாக கேம் செய்து விற்கும் தொழில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த அக்டிவிஷன் வளர்ந்து, பிலிசார்டுடன் இணைந்து, 2023இல் மைக்ரோசொஃப்டின் கைக்குப் போனது. பேசிய விலை 68.7 பில்லியன் டொலர்.

ஒரே இரவில் வென்றார்கள் என்று நம்புவது

அதிகம் சேதம் செய்யும் பிழை இதுதான். ஆங்ரி பேர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 2009 டிசம்பரில் ஐபோனில் வந்து உலகத்தைப் பிடித்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் செய்த பின்லாந்தின் ரோவியோ 2003இல் தொடங்கியது என்பதும், ஆங்ரி பேர்ட்ஸ் அவர்களுடைய 52ஆவது கேம் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? முதல் 51இல் பலவற்றை வேறு கம்பனிகளுக்காகக் கூலிக்குச் செய்து கொடுத்தார்கள். சம்பளம் அதிலிருந்துதான் வந்தது. இடையில் ஆட்களைக் குறைத்து, கடை மூடும் நிலைக்கே வந்துவிட்டார்கள். 52ஆவது கேமைச் செய்த கை, அந்த ஆறு வருடக் கூலி வேலையில் பழகிய கை.

தனியாளாகச் செய்தவர்களின் கதையிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஸ்டார்டியூ வேலி என்ற தோட்டக் கேமை எரிக் பரோன் நான்கு வருடத்துக்கு மேல் தனியாக இருந்து செய்து 2016இல் வெளியிட்டார். படம், இசை, எழுத்து எல்லாம் அவருடையவை. ஆனால் அந்த வருடங்களில் அவர் பகுதி நேரமாக ஒரு தியேட்டரில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தார். வீட்டுச் செலவைத் தாங்கியதில் அவருடைய துணைவிக்குப் பெரிய பங்கு இருந்தது. இந்தப் பகுதியை விட்டுவிட்டுக் கதை சொல்கிறவர்கள் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்கிறார்கள் என்றே நினைக்கிறேன். "வீட்டுக்காரர் ஒரு வருடம் என்னைப் பார்ப்பார்களா?" என்று கேட்கத் தெரியாமல் வேலையை விட்ட ஒரு தம்பி எனக்குத் தெரியும். ஏழாம் மாதம் கட்டாருக்குப் போனார். கேம் பாதியில் நிற்கிறது.

நின்டெண்டோவும் திடீரென்று முளைத்ததில்லை. 1889இல் ஜப்பானின் கியோத்தோ நகரில் பூப் படம் போட்ட விளையாட்டுச் சீட்டு செய்யத் தொடங்கிய கம்பனி அது. பிறகு பொம்மைகள். அவர்களை அமெரிக்காவில் நிமிர்த்திய டொங்கி கொங் வந்தது 1981இல். 92 வருட இடைவெளி.

முதல் கேமையே பெரிதாகத் தொடங்குவது

வகுப்புக்கு வந்த முதல் நாளே ஒரு மகன் தன் திட்டத்தைச் சொன்னார்: மட்டக்களப்பு முழுவதும் கேமுக்குள் வர வேண்டும். கோட்டை, கல்லடிப் பாலம், வாவி, காந்தி பூங்கா, எல்லாத் தெருவும், நூறு பேர் ஒன்லைனில். ஆசை அழகானது. அவரிடம் அமெரிக்காவின் 38 ஸ்டூடியோஸின் கதையைச் சொன்னேன்.

பேஸ்போல் வீரர் கர்ட் ஷில்லிங் தொடங்கிய கம்பனி அது. ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக விளையாடும் ஓர் உலகத்தைச் செய்வதுதான் முதல் நோக்கம். ரோட் ஐலண்ட் மாநிலம் 75 மில்லியன் டொலர் கடனுக்குப் பிணை நின்றது. அவர்களுக்குக் கீழிருந்த இன்னொரு ஸ்டூடியோ 2012 பெப்ரவரியில் வேறொரு கேமை முடித்து வெளியிட்டது; அது நன்றாகவே விற்றது. ஆனாலும் மே மாதம் சம்பளம் கொடுக்க முடியவில்லை. ஆட்கள் எல்லாரும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அந்தப் பெரிய உலகம் வெளிவரவே இல்லை.

இதற்கு நேர் எதிரானது டூம் என்ற புகழ்பெற்ற கேமைச் செய்த இட் சொஃப்ட்வெயாரின் வழி. அதன் ஆட்கள் அதற்கு முன் வேலை பார்த்த சொஃப்ட்டிஸ்க் கம்பனியில் இரண்டு மாதத்துக்கு ஒரு கேம் முடித்துக் கொடுக்க வேண்டும். முடித்தார்கள். முடித்து முடித்துத்தான் 1993இல் டூம் வந்தது. அந்த மகனிடம் நான் கேட்டது இதுதான்: "முழு ஊரும் வேண்டாம். இரவில் வாவியில் ஒரு தோணி. துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்க வேண்டும். இதை மட்டும் ஆறு கிழமைக்குள் முடிப்பீர்களா?" ஒன்பது கிழமை எடுத்தார். முடித்தார். எனக்கு அது பெரிய சந்தோசம்.

ஒரு வீழ்ச்சிக்கு ஒரே காரணம் தேடுவது

"ஈ.டி. கேம்தான் அட்டாரியை அழித்தது" என்பது எங்கும் ஓடும் கதை. 1982இல் அந்த கேமை ஹோவர்ட் ஸ்கொட் வோர்ஷோ சுமார் ஐந்து கிழமையில் எழுதினார். விற்காத பிரதிகள் நியூ மெக்சிகோவில் புதைக்கப்பட்டன. 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் கடை நிறையத் தரமில்லாத கேம்கள் குவிந்திருந்தன, விலை விழுந்தது, மலிவான வீட்டுக் கணினிகளும் வந்துவிட்டன. 1983இல் தொடங்கிய அந்த கேம் சந்தைச் சரிவு பெரும்பாலும் வட அமெரிக்காவில்தான். அதே 1983இல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபெமிகொம் என்ற வீட்டு கேம் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. பழியை ஒரு மனிதர் மீது போடாதீர்கள். ஐந்து கிழமை கெடு விதித்தவர்கள் மேலே இருந்தார்கள்.

பெரிய கம்பனி வாங்கினால் அதுதான் வெற்றி என்று எண்ணுவது

மைன்கிராஃப்டைச் செய்த மொஜாங்கை 2014இல் மைக்ரோசொஃப்ட் 2.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. மைன்கிராஃப்ட் இன்றும் நன்றாக ஓடுகிறது. அதை மட்டும் பார்க்கக் கூடாது. இங்கிலாந்தின் புல்ஃப்ரொக்கை எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் 1995இல் வாங்கியது. 2001இல் அது இல்லை. வெஸ்ட்வூட்டை 1998இல் வாங்கியது, 2003இல் மூடியது. மைக்ரோசொஃப்டும் 2024 மே மாதத்தில் டாங்கோ கேம்வேர்க்ஸை மூடுவதாக அறிவித்தது, அந்த ஸ்டூடியோவின் கடைசி கேம் விருதுகள் வாங்கியிருந்தும். சில மாதங்களில் தென் கொரியாவின் கிராஃப்டன் அதை எடுத்துக்கொண்டதால் அந்தப் பெயர் பிழைத்தது. விற்பது குற்றமில்லை. ஆனால் விற்ற பிறகு அடுத்த மாதச் சம்பளத்தைத் தீர்மானிப்பது வேறொரு நாட்டில் இருக்கும் ஒருவர். அவருக்கு உங்கள் கேமைப் பிடித்திருந்தாலும் கணக்குப் பிடிக்காமல் போகலாம்.

கூட்டாளிகளுக்குள் எழுத்து எதற்கு என்று விடுவது

இது என் சொந்த அனுபவம். பத்து வருடத்துக்கு முன் நாங்கள் மூன்று பேர் ஒரு போன் கேம் செய்தோம். கிளித்தட்டு விளையாட்டை வைத்துச் செய்தது. பிளே ஸ்டோர் கணக்கைத் திறக்க 25 டொலர் கட்ட வேண்டும். ஒருவரிடம்தான் அதற்கு உரிய கார்ட் இருந்தது. கணக்கு அவருடைய பெயரில் போனது. செயலிக்குக் கையொப்பமிடும் சாவிக் கோப்பும் அவருடைய மடிக்கணினியில். அவர் வெளிநாடு போனார், மடிக்கணினி பழுதானது, சாவி போனது. அந்தச் சாவி இல்லாமல் செயலியைப் புதுப்பிக்க அப்போது வழியே இல்லை. நாங்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பங்கு எவ்வளவு, கணக்கு யாருடையது, ஒருவர் விலகினால் என்ன என்று ஒரு தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான். முதல் வரி எழுதும் முன் எழுதுங்கள். சாவியின் பிரதியை மூன்று பேரும் வைத்திருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: கேமைக் கட்டப் பயன்படுத்தும் மென்பொருளான கேம் எஞ்சினின் நிபந்தனைகளையும் வாசியுங்கள். யூனிட்டி எஞ்சினின் கம்பனி 2023இல் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தபோது உலகம் முழுதும் சிறிய ஸ்டூடியோக்கள் கலங்கிப்போயின. அடுத்த வருடம் அதைக் கைவிட்டார்கள். கொடோ போன்ற திறந்த மூல எஞ்சினில் இந்தப் பயம் குறைவு.

நம் மொழியைச் சின்னச் சந்தை என்று ஒதுக்குவது

போலந்தின் சிடி புரொஜெக்ட் 1994இல் வெளிநாட்டு கேம் சிடிகளை இறக்கி விற்கும் கடையாகத்தான் தொடங்கியது. திருட்டுப் பிரதிகள் மலிந்த ஊர் அது. 1999இல் போல்டர்ஸ் கேட் என்ற பெரிய கேமைப் போலந்து மொழிக்கு மாற்றி, அந்நாட்டின் பெயர்பெற்ற நடிகர்களைக் கொண்டு குரல் கொடுத்து, நல்ல பெட்டியில் போட்டு விற்றார்கள். மொழி மாற்றியவர்களும் விற்றவர்களும் சேர்ந்து சம்பாதித்ததை வைத்துத்தான் சொந்த ஸ்டூடியோவைக் கட்டினார்கள். போலந்துக் கதைகளிலிருந்து எடுத்த த விட்சர் 2007இல் வந்தது. அதே கம்பனி 2020இல் சைபர்பங்கை வேகாமல் இறக்கி, சோனி தன் கடையிலிருந்தே அதை எடுக்க வேண்டிய நிலைக்கு வந்ததையும் மறைக்கத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது ஸ்டூடியோவைக் கட்டுவதற்கு முந்திய அந்த முதல் எட்டு வருடம்.

வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் ஆடும் ஊர் இது. களரியில் விடிய விடியத் தொண்டை கட்டாமல் பாடக்கூடிய குரல்கள் நம்மிடம் இருக்கின்றன. இப்போது என் வகுப்பில் ஆரையம்பதிப் பிள்ளை ஒருவரும் மருதமுனைப் பிள்ளை ஒருவரும் வெளிநாட்டுச் சிறு கேம் ஒன்றைத் தமிழாக்குகிறார்கள். பெட்டிக்குள் எழுத்து அடங்கவில்லை, கொம்பும் சுழியும் உடைந்து வருகின்றன, "ரெடி" என்பதை மாற்றுவதா விடுவதா என்று இரண்டு நாள் வாக்குவாதம். கூலி சிறியது. வகுப்பின் இன்டர்நெட் கட்டணம் போன மாதம் அதிலிருந்துதான் கட்டப்பட்டது.