அரிய சீகையையும் சாதாரண அசுவினியையும் ஒப்பிடுவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் அகேசியா கார்னியோரம் அருகிவரும் சீகைப் புதர். ஏஃபிஸ் கிராக்சிவோரா பயறுச் செடிகளில் உலகெங்கும் மொய்க்கும் கருப்பு அசுவினி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. இரண்டும் இணைசேராமலே தம் நகல்களைப் பெருக்குபவை. அப்படியிருந்தும் ஒன்று ஏன் அரிது, மற்றது ஏன் எங்கும் மிகுதி? இந்தக் கேள்விதான் ஒப்பீட்டின் அச்சு.

படி 1: ஒரு தாளில் அட்டவணை போடுங்கள்: சீகைக்கு ஒரு பத்தி, அசுவினிக்கு ஒரு பத்தி. வரிசைகள் நான்கு போதும்: பெருகும் முறை, தலைமுறைக் காலம், பரவும் வழி, எதிரிகள். உயரம், நிறம் எல்லாம் வேண்டாம். இந்தக் கேள்விக்கு அவை விடை தராது.

படி 2: சீகைப் பத்தி. நியூ சவுத் வேல்ஸின் வறண்ட மேற்குப் பகுதியிலும் அதை ஒட்டிய தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மணற்பாங்கான இடங்களில் வளர்கிறது. பெரும்பாலான கூட்டங்களில் விதை பிடிப்பதே அரிது, வேரிலிருந்து முளைக்கும் கன்றுகளால்தான் பெருகுகிறது. அந்தக் கன்றுகளை முயலும் ஆடுமாடுகளும் மேய்ந்துவிடுகின்றன. தண்டுகளைத் தனிச்செடிகளாக எண்ணிவிடாதீர்கள். பல தண்டுகள் ஒரே வேரிலிருந்து வந்த ஒரே செடியாக இருக்கலாம்.

படி 3: அசுவினிப் பத்தி. இதை நீங்களே அளக்கலாம். தொட்டியில் இளம் தட்டைப்பயறுச் செடி ஒன்றை வளர்த்து, இறக்கையில்லாத, பளபளப்பான கருப்புத் தாய் ஒன்றை விடுங்கள். எடுக்கும்போது ஈரத் தூரிகையால் மெல்லச் சீண்டி, அது நடக்கத் தொடங்கிய பிறகே தூக்குங்கள். சாறு உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் பிய்த்தால் ஊசி போன்ற வாயுறுப்பு முறிந்து, அசுவினி செத்துவிடக்கூடும். செடியை மெல்லிய துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். மறுநாள் தாயை எடுத்துவிட்டு, ஒரே ஒரு குஞ்சை மட்டும் விட்டுவையுங்கள். அப்போதுதான் வயது துல்லியமாகத் தெரியும். வெப்பமான காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதுவே குட்டி போடத் தொடங்கும். தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். வெள்ளையாகக் கிடப்பவை அசுவினிகள் உரித்துப்போட்ட தோல்கள், அவற்றைச் சேர்க்காதீர்கள். எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் முதலில் பொறிவண்டுப் புழு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். செடி நெரிசலாகி வாடினால் இறக்கையுள்ளவை பிறக்கும். பரவும் வழி வரிசையில் எழுத வேண்டியது அதுதான்.

படி 4: வரிசைகளைச் சேர்த்துப் படியுங்கள். பெருகும் முறையில் இரண்டும் நெருக்கம், ஆகவே அது காரணமாகாது. மற்ற மூன்றில்தான் பிளவு. சீகையின் நகல் வேர் எட்டும் தூரத்தைத் தாண்டாது, முளைத்த குருத்தும் வளருமுன் மேயப்படுகிறது. அசுவினிக்கும் எதிரிகள் நிறைய உண்டு, ஆனால் தின்னப்படுவதை அடுத்த வாரமே ஈடுகட்டிவிடும், செடி கெட்டால் பறந்துவிடும். இந்தப் புதரைக் காக்க வேலி போட்டு மேய்ச்சலைத் தடுப்பது ஏன் முதல் வேலை என்பதற்குப் பதில் நான்காவது வரிசையிலேயே இருக்கிறது.