ரக்பி யூரோப் சாம்பியன்ஷிப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரக்பி யூரோப் சாம்பியன்ஷிப் என்பது சிக்ஸ் நேஷன்ஸுக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஐரோப்பிய நாடுகளின் ஆண்டுத் தொடர். அதைப் பற்றி ஆட்டக் குறிப்பு எழுதப் பழகும் சிலருடைய வரைவுகளைத் திருத்தித் தருகிறேன். ஆரம்ப காலத்தில் நான் செய்த அதே பிழைகள் வரிசை தவறாமல் வருகின்றன. வீரர் பெயரைத் தவறாக எழுதுவது, ஸ்கோரை மாற்றிப் போடுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வென்றால் சிக்ஸ் நேஷன்ஸுக்குப் போகலாம் என்பது

போக முடியாது. சிக்ஸ் நேஷன்ஸ் என்பது இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, இத்தாலி, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய ஆறு நாட்டுச் சங்கங்கள் நடத்தும் தனித் தொடர். கீழிருந்து மேலேறும் வழி அதில் இல்லை. ஜார்ஜியா 2018 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சாம்பியன்ஷிப்பை வென்றது. 2022இல் இத்தாலியைத் தன் நாட்டின் பட்டுமி நகரில் 28-19 என்றும், வேல்ஸை அவர்கள் ஊரான கார்டிஃபிலேயே 13-12 என்றும் வீழ்த்தியது. அப்படியும் கதவு திறக்கவில்லை.

கடைசி விசிலோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் மறுபடி வரும் தவறு இது. எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவதும் இதுதான்.

இந்தச் சாம்பியன்ஷிப்பின் புள்ளிகளே அப்போது உலகக் கோப்பைத் தகுதியையும் தீர்மானித்தன. 2022 மார்ச் 13, மாட்ரிட். போர்ச்சுகலை 33-28 என்று வென்ற ஸ்பெயின், 1999க்குப் பிறகு முதல்முறையாக, 2023 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டதாகக் கொண்டாடியது. ஏப்ரல் இறுதியில் அந்த இடம் பறிபோனது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஒரு வீரர், ஸ்பெயினுக்கு ஆடத் தேவையான வசிப்புக் காலத்தை முறையாக நிறைவு செய்யவில்லை. அவருடைய பாஸ்போர்ட் நகல் திருத்தப்பட்டிருந்ததும் வெளிவந்தது. நெதர்லாந்துக்கு எதிரான இரண்டு ஆட்டங்களில் அவர் களமிறங்கியிருந்தார். ஆட்டத்துக்கு ஐந்தாகப் பத்துப் புள்ளிகள் வெட்டப்பட்டன. என்னைக் கேட்டால், அவர் இல்லாமலே ஸ்பெயின் எளிதாக வென்றிருக்கக்கூடிய ஆட்டங்கள் அவை. ருமேனியா நேரடியாக உள்ளே போனது. போர்ச்சுகல் துபாயில் நடந்த கடைசித் தகுதிச் சுற்றுக்குப் போய், அமெரிக்காவுடன் 16-16 என்று சமன் செய்து இடம்பிடித்தது.

ஸ்பெயினுக்கு இது இரண்டாவது அடி என்பதுதான் கொடுமை. 2018 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்திடம் 18-10 என்று தோற்றபோது, ஸ்பெயின் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு ஆவேசப்பட்டார்கள். ஸ்பெயின் தோற்றால் லாபம் ருமேனியாவுக்கு, நடுவரும் ருமேனியர். எல்லோரும் நடுவரைப் பற்றியே எழுதினார்கள். தகுதியில்லாத வீரர்களை ருமேனியா, ஸ்பெயின், பெல்ஜியம் மூன்றுமே ஆடவைத்தது அப்புறம் தெரிந்தது. புள்ளிகள் வெட்டப்பட, 2019 உலகக் கோப்பைக்காக ஜப்பானுக்குப் போன அணி ரஷ்யா.

ஆகவே அதிகாரபூர்வ உறுதி வரும்வரை 'தகுதி பெறும் நிலையில் உள்ளது' என்று மட்டும் எழுதுங்கள். ஒருவர் ஒரு நாட்டுக்கு ஆட அப்போது இருந்த முக்கிய வழிகள் மூன்று: அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அங்கே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். வசிப்புக் கணக்கில் வெளிநாட்டில் தங்கிய நாள்கள் வரை எண்ணப்பட்டன. 36 மாதமாக இருந்த அந்த வரம்பு 2022 தொடக்கத்தில் 60 மாதமாக உயர்ந்தது. எழுவர் ரக்பியில் வேறு நாட்டுக்கு ஆடியதும் கணக்கில் வரும். 2018இல் ருமேனியா சிக்கியது, டோங்காவுக்கு எழுவர் ஆட்டம் ஆடிய வீரரால்தான். அணிப் பட்டியலில் புதிய பெயர் வந்தால் அவர் எங்கே பிறந்தார், முன்பு யாருக்கு ஆடினார் என்று பாருங்கள்.

'இரண்டாம் தரம்' என்று தலைப்பிடுவது

2023 உலகக் கோப்பை, துலூஸ்: போர்ச்சுகல் 24, பிஜி 23. இந்தத் தொடரில் ஆடும் ஓர் அணியின் வெற்றி அது.

பழைய ஆறு அணி அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுவது

2023 முதல் எட்டு அணிகள், இரண்டு பிரிவுகள், பிறகு அரையிறுதி.

ஆன்டிம் கோப்பையைத் தொடரின் கோப்பையாக்குவது

அது ஜார்ஜியா-ருமேனியா மோதலுக்கு மட்டும் உரியது.

சிக்ஸ் நேஷன்ஸ் போனஸ் விதியை இங்கே பொருத்துவது

அங்கே நான்கு ட்ரை (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) அடித்தால் பட்டியலில் ஒரு போனஸ் புள்ளி. இங்கே எதிரணியைவிட மூன்று ட்ரையாவது கூடுதலாக அடித்திருக்க வேண்டும். நான்குக்கு ஒன்று என்று முன்னிலையில் இருக்கும் அணி, 79ஆவது நிமிடத்தில் ஒரு ட்ரை விட்டுக்கொடுத்தால் வெற்றி நிற்கும், போனஸ் போய்விடும். அந்த ட்ரையை 'ஆறுதல் ட்ரை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகாதீர்கள். பட்டியலில் அது ஒரு புள்ளியை மாற்றியிருக்கிறது.